"நான் களவாகச் சாப்பிடவில்லை, டொக்டர்"

வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 61. சலரோகம் வந்து 19 வருடம். மெற்போமின் குளிசையோடு கடந்த ஆறு வருடமாகக் காலமையும் பின்னேரமும் கலவை இன்சுலின் ஊசி. பாதம் இரண்டும் எரிவதால் இரவில் அமிற்றிப்ரிலின் குளிசையும் போடுகிறார். எட்டு மாதமாக நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. மேல்வயிறு ஊதி நிற்கிறது. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் விடியப்புறம் சத்தி. "ஒருநாள் காலமை சத்தி எடுத்தபோது, முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்ட பொன்னாங்காணி இலை இலையாகவே கிடந்தது" என்று எழுதியிருக்கிறார். காஸ் என்று சொல்லித் தந்த ஒமெப்பிரசோல், சீரகத்தண்ணி, சோடா எல்லாம் பார்த்தாயிற்று. சீனிக்கு நல்லதென்று குரக்கன் புட்டும் கீரையும் கூட்டியிருக்கிறார். அதன்பிறகு வருத்தம் கூடியிருக்கிறது.

இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணித்தியாலத்தில் சீனி 54க்கு இறங்கி, வியர்த்து, கை நடுங்குகிறது. அதே ஆளுக்கு நடுச்சாமத்தில் பார்த்தால் 310. மருமகள், மாமி இரவில் குசினிக்குள் ஏதோ எடுத்துச் சாப்பிடுகிறா என்று நினைக்கிறா. கிளினிக்கிலும் வாயைக் கட்டச் சொல்லிப் பேச்சு விழுந்திருக்கிறது. ஓரிடத்தில், வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் என்டொஸ்கொப்பி செய்யப் போனபோது, முதல்நாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு பச்சைத்தண்ணியைத் தவிர ஒன்றும் தொடாமல் போயும், "வயிற்றுக்குள் சாப்பாடு கிடக்குது, சொன்னதைக் கேட்கவில்லை" என்று ஏசி அனுப்பிவிட்டார்கள். பயத்தில் பின்னேர ஊசியைத் தானே நிறுத்தி மூன்று கிழமை. இப்போது காலமை வெறுவயிற்றிலேயே 280க்கு மேல் நிற்கிறது. இது புற்றுநோயா, இலண்டனில் இருக்கும் மகன் கிழமைக்கொரு தடவை போடும் புது ஊசியை அனுப்பட்டா என்கிறார், அதைப் போடலாமா, சென்னைக்குப் போய்க் காட்டவேண்டுமா, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருநேர விரதம் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

ரீச்சர், நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். நீங்கள் களவாகச் சாப்பிடவில்லை. அந்த என்டொஸ்கொப்பிக்கு முதல் இரவும் சாப்பிடவில்லை. உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ஆட்கள் உங்களைக் குற்றம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று இடத்திலும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உங்கள் இரைப்பை தன் வேலையை நேரத்துக்குச் செய்யவில்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் 19 வருடச் சலரோகம், கால் எரிவு, நாலு வாயில் நிறைதல், நேற்றைய கீரை, பட்டினி கிடந்த வயிற்றில் சாப்பாடு, 54உம் 310உம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்தால், சலரோகத்தால் இரைப்பையின் நரம்பு பழுதுபட்டிருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்கவேண்டிய விஷயம். வைத்தியர்கள் இதைக் காஸ்ற்றோபரேசிஸ் என்பார்கள். சலரோகக்காரரின் இரைப்பையில் சாப்பாடு தேங்கிக் கிடப்பதற்கு 1958இல் கசாண்டர் என்ற வைத்தியர் வைத்த பெயர் அது.

இரைப்பை அரைக்கும் விதம்

இரைப்பையை வெறும் பை என்று நினைக்கிறோம். அதன் மேற்பாதிதான் பை. நாம் விழுங்க விழுங்க அது தளர்ந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பாதி ஆட்டுக்கல். நிமிடத்துக்கு மூன்று தடவை அலையலையாகச் சுருங்கி, சோற்றையும் கறியையும் திரும்பத் திரும்ப அரைக்கும். ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அளவுக்குப் பொடியான பிறகே வாசல் திறந்து சிறுகுடலுக்குள் கொஞ்சங்கொஞ்சமாக விடும். சாப்பாடு முடிந்து வயிறு வெறுமையானபின் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெரிய அலையொன்று வந்து, அரைபடாமல் கிடக்கும் தும்பையும் தோலையும் கூட்டித் தள்ளும்.

இந்த வேலையை நடத்துவது மூளையின் அடியிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு மட்டும் இறங்கும் வேகஸ் நரம்பு. இரைப்பைச் சுவருக்குள்ளேயே தாளம் போடும் கலங்களும் உண்டு. அவற்றைக் கண்டு எழுதிய ஸ்பானிய விஞ்ஞானி கஹாலின் பெயரால்தான் அவற்றை அழைக்கிறார்கள். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடி நின்றால் நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். காலுக்குப் போகும் நரம்பு நீளமானது, அதனால் பாதம் எரிகிறது. வேகஸும் நீளமான நரம்பு. தாளம் போடும் கலங்களும் குறைந்துபோகின்றன. அலை சோர்ந்து, ஆட்டுக்கல் மெதுவாகி, கூட்டித் தள்ளும் அந்தப் பெரிய அலையும் வராமல் போகும்போது, நேற்றைய பொன்னாங்காணி இன்று காலமையும் இலையாகவே கிடக்கும்.

இதை யாரும் முதலில் யோசிக்காததற்கு ஒரு நியாயமும் உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதி மக்களை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வருட காலத்தில் உங்களைப்போல இரண்டாம் வகைச் சலரோகம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும், முதலாம் வகை உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் இது வந்திருக்கிறது. காஸ் என்று வருகிற நூறு பேரில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையிலேயே அமிலத் தொந்தரவுதான். ஆனால் ஒமெப்பிரசோல் அமிலத்தைத்தான் குறைக்கும். சாப்பாட்டைக் கீழே தள்ளாது.

54உம் 310உம் ஒரே சாப்பாட்டிலிருந்து வந்தவை

மருமகளையும் பக்கத்தில் இருத்தி இதை வாசியுங்கள்.

பின்னேரம் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட இருக்கிறீர்கள். சாப்பாட்டின் சீனி ஒரு மணித்தியாலத்தில் இரத்தத்துக்கு வந்து சேரும் என்ற கணக்கில்தான் அந்த ஊசியின் அளவு எழுதப்பட்டிருக்கிறது. ஊசி நேரத்துக்கு வேலை செய்கிறது. சாப்பாடோ இரைப்பையிலேயே நிற்கிறது. இன்சுலின் இருக்கிறது, சீனி வரவில்லை. அப்போதுதான் 54, வியர்வை, நடுக்கம். நாலைந்து மணித்தியாலம் கழித்து, ஊசியின் கெதி அடங்கினபின், இரைப்பை ஆறுதலாகச் சாப்பாட்டை இறக்குகிறது. பிடித்துக்கொள்ள இன்சுலின் இல்லை, சீனி 310க்கு ஏறுகிறது. நடுச்சாமத்தில் குசினிக்குள் யாரும் போகவில்லை. எட்டு மணிக்கு எல்லாருக்கும் முன்னால் இருந்து சாப்பிட்ட அதே சாப்பாடுதான் பன்னிரண்டு மணிக்கு இரத்தத்துக்கு வருகிறது.

ஊசியை நிறுத்தியதில் ஒரு பிழை நடந்திருக்கிறது. பயந்துதான் செய்தீர்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சீனி கூடி நிற்பதே இரைப்பையை மந்தமாக்கும். இது நரம்புப் பழுதுக்கு மேலதிகமாக, அந்தந்த நேரத்திலேயே நடப்பது. 280இல் விடியும் வயிறு இன்னும் மெதுவாகத்தான் நகரும். அதைவிட ஆபத்து, நிறுத்திய விஷயத்தைக் கிளினிக்கில் சொல்லாமல் விடுவது. கொப்பியில் 280ஐப் பார்க்கும் வைத்தியர் அளவைக் கூட்டி எழுதுவார். கூட்டிய அளவை நீங்கள் ஒருநாள் துணிந்து போட்டால் 54 அல்ல, 30க்கும் இறங்கலாம். பழைய அளவைத் தன்பாட்டில் திரும்பத் தொடங்கவும் வேண்டாம், போடாமலே நாளை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் இந்தக் கிழமைக்குள்ளேயே போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இந்த நிலையில் சிலருக்குக் கலவை ஊசியை மாற்றி, நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினையும், சாப்பிட்டபின் போடும் கெதியான இன்சுலினையும் தனித்தனியே கொடுப்பதுண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் கொப்பியைப் பார்க்கும் வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும்.

அதுவரை ஐந்து நாளுக்குச் சீனியைச் சாப்பிட முன், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில், நாலு மணித்தியாலத்தில், படுக்கமுன், ஒருநாளாவது நடுச்சாமத்தில் என்று பார்த்து, நேரத்தோடும் சாப்பிட்டதோடும் எழுதுங்கள். முப்பது வருடம் மாணவர் வரவுப் பதிவேடு எழுதிய கை உங்களுடையது. அந்தத் தாள் எந்த ஸ்கானையும்விட அதிகம் பேசும்.

சீனி 70க்குக் கீழே இறங்கினால் பிஸ்கட், பாண், சொக்லேற் வேண்டாம். அவையும் இரைப்பையில்தான் நிற்கும். தண்ணிபோல இருப்பவை மெதுவான இரைப்பையிலிருந்தும் ஓரளவு கெதியாக இறங்கும். ஆகவே மட்டமாக அள்ளிய மூன்று நாலு தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொருமுறை. நினைவு தடுமாறினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழைக்கும்படி வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

சீனிக்கு நல்ல சாப்பாடு, இந்த வயிற்றுக்கு நல்லதல்ல

உங்களுக்குச் சொல்ல எனக்கே மனம் வராத பகுதி இது. 19 வருடமாகச் சொன்னபடி கேட்டு நடந்திருக்கிறீர்கள். தவிட்டோடு அரிசி, குரக்கன், கீரை, தும்புள்ள மரக்கறி என்று நாங்கள்தான் சொன்னோம். ஓடுகிற இரைப்பைக்கு அது சரி. உங்கள் இரைப்பைக்கு இப்போது அந்தத் தும்புதான் சுமை. அரைபடாத தும்பு நாள்பட்டு உருண்டு திரண்டு, கட்டியாகவே உள்ளே தங்கிவிடுவதும் உண்டு.

எங்கள் ஒடியல் கூழை எடுத்துப் பாருங்கள். ஒடியல் மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, நண்டு, மீன் முள்ளு. கூழ் என்ற பெயரைப் பார்த்துத் தண்ணிச் சாப்பாடு என்று நினைக்கிறோம், உள்ளே இருப்பதெல்லாம் தும்பும் திண்மமும். பனங்கிழங்கை இரண்டாய்ப் பிளந்து, நடுவில் ஓடும் தும்பை இழுத்துப் போட்டபின்னும் பல்லில் எவ்வளவு சிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவும் இரைப்பையில் தங்கும். முருங்கைக்காய், வாழைப்பூ, பலாக்காய், முழுப்பயறு, சக்கையோடு தோடம்பழம், பனாட்டு எல்லாவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கொழுப்பும் இரைப்பையை மந்தமாக்கும். வடை, மிக்சர், பொரியல், தேங்காயின் முதற்பால் வேண்டாம். சொதி வைக்கலாம், இரண்டாம் மூன்றாம் பாலில்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு போதும். குழைய அவித்த சோறு, கரையும்வரை அவித்த மைசூர்ப் பருப்பு, முள்ளெடுத்து நன்றாக மசித்த மீன், அவித்த முட்டை, மசித்த பூசணி, தோல் சீவி மசித்த கரட், சொதியில் ஊறிப் பிசைந்த இடியப்பம். மரக்கறியை அவித்து பிளெண்டரில் அடித்து வடித்துச் சூப்பாகக் குடியுங்கள். கட்டியானதைக் காலமையும் மத்தியானமும் வைத்துக்கொண்டு, இரவில் கஞ்சி, சூப் என்று தண்ணிப் பக்கமாகப் போங்கள். சாப்பிட்டதும் படுக்கவேண்டாம். முற்றத்தில் பத்து நிமிடம் ஆறுதலாக நடவுங்கள். சோடாவை விடுங்கள், காற்று ஊதல்தான் கூடும்.

கஞ்சி குடித்தால் சீனி ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும். அந்தக் கஞ்சியைக் கணக்கில் வைத்து இன்சுலினை மாற்றவேண்டியது வைத்தியரின் வேலை. எட்டு மாதமாக நாலு வாயோடு எழும்பும் ஒருவருக்கு முதலில் உடம்பில் சாப்பாடு சேரவேண்டும்.

சோதனை, மருந்து

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இரைப்பையின் வாசலில் புண்ணோ கட்டியோ அடைத்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் என்டொஸ்கொப்பியைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். சாப்பாடு மறைத்துக்கிடந்த இடத்தை யாரும் இன்னும் பார்க்கவில்லை. இந்தமுறை முதல்நாள் முழுவதும் தண்ணிச் சாப்பாடு மட்டும் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பழைய அறிக்கையை எறிந்துவிடாதீர்கள். உங்களை ஏசவைத்த அந்த ஒரு வரி, பட்டினி வயிற்றில் சாப்பாடு கிடந்தது என்பது, இந்த வருத்தத்துக்கு நல்ல தடயம். பின்னாளில் எந்த ஒப்பரேசனுக்கு மயக்கம் கொடுப்பதென்றாலும் இதை முதலில் சொல்லவேண்டும். வயிற்றில் கிடப்பது மயக்கத்தில் நுரையீரலுக்குப் போகலாம்.

அடைப்பில்லை என்று தெரிந்தபின், மிகச் சிறிய அளவு கதிரியக்கம் கலந்த முட்டைச் சாப்பாட்டைத் தந்து நாலு மணித்தியாலம் படமெடுக்கும் சோதனை ஒன்றுண்டு. நாலாவது மணித்தியாலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் மிச்சமிருந்தால் மந்தம் உறுதி. அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இதைச் செய்வார்கள். எல்லாருக்கும் இது கட்டாயமில்லை. இதற்காகச் சென்னைக்கு ஓடவும் தேவையில்லை. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தொடங்குங்கள். பொது வைத்திய நிபுணரிடம் கடிதம் கேட்பதும், உங்கள் அறிக்கைகளின் பிரதியைக் கேட்பதும், இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பதும் தவறேயில்லை. கேட்க வெட்கப்படவேண்டாம். சிறுநீரகம், தைரொயிட், விற்றமின் பி12 ஆகிய இரத்தச் சோதனைகளையும் கேளுங்கள். மெற்போமினும் ஒமெப்பிரசோலும் நீண்டகாலம் எடுத்தால் பி12 குறையலாம், கால் எரிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தக் கால் எரிவுக்குப் போடும் அமிற்றிப்ரிலினும் இரைப்பையை மந்தமாக்கும் மருந்து. திடீரென்று நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மூட்டு நோவுக்கு யாராவது திரமடோல் தந்தாலும் இதே கதைதான்.

பார்மசியில் டொம்பெரிடோன் கேட்டவுடன் கிடைக்கும். இரைப்பையை அசைக்கும் மருந்துதான், பலருக்கு உதவுகிறது. ஆனால் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது. உங்கள் வயதிலும் சலரோகத்திலும் ஈசீஜீ பார்க்காமல் போடக்கூடாது, சில அன்டிபயோட்டிக்குகளோடு சேரவும் கூடாது. இரைப்பையை அசைக்கும் இன்னொரு மருந்தான மெற்றோகுளோபிரமைட்டை நீண்டநாள் எடுத்தால் வாயும் முகமும் தன்பாட்டில் அசையும் வருத்தம் வரலாம், சிலருக்கு நிறுத்தியபின்னும் அது போவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009இல் இதற்குக் கடும் எச்சரிக்கை இட்டது. 12 கிழமைக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. இரண்டையும் வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள்.

மகன் அனுப்ப நினைப்பது செமாகுளூட்டைட் வகை ஊசியாக இருக்கவேண்டும். எத்தனையோ பேருக்குச் சீனியையும் உடம்பையும் குறைத்த நல்ல மருந்து. அது வேலை செய்யும் வழிகளில் ஒன்று, இரைப்பையிலிருந்து சாப்பாடு இறங்குவதைத் தாமதப்படுத்துவது. உங்களுக்கு வேண்டாத வேலை அதுதான். பிள்ளையின் அன்புக்கு நன்றி சொல்லி, அந்தக் காசுக்குச் சீனி பார்க்கும் மெசினின் பட்டிகளை அனுப்பச் சொல்லுங்கள். இப்போது உங்களுக்குத் தேவை அது.

எப்போது உடனே ஓடவேண்டும்

சத்தியில் இரத்தமோ கோப்பித்தூள் நிறமோ கண்டால், மலம் தார்போலக் கறுத்தால், ஒருநாள் முழுவதும் தண்ணிகூடத் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், சீனி 300க்கு மேல் நின்றபடி சத்தியும் மூச்சிளைப்பும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று. நீண்டகாலச் சலரோகக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சு நோவில்லாமல், மேல்வயிற்று அந்தரமும் வியர்வையுமாக வரலாம். வியர்க்கும்போது சீனியைப் பாருங்கள். சீனி குறையவில்லை, வியர்வை மட்டும் ஓடுகிறது என்றால் அது காஸ் அல்ல, 1990.

நரம்பு முன்போல் ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். பழுதுபட்ட நரம்பு முழுதாகத் திரும்புவது குறைவு. ஆனால் கூடி நிற்கும் சீனியால் வந்த மந்தமும், மருந்தால் வந்த மந்தமும் விலகக்கூடியவை. உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. அதனால் இப்போதிருப்பதைவிட வடிவாகச் சாப்பிடும் நாள் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

விரதம் பற்றி. 25 நாள் ஒருநேரச் சாப்பாடு என்றால், நாள் முழுவதும் வெறும் வயிறு, பிறகு இரைப்பை தாங்காத ஒரு பெரிய சாப்பாடு, இடையில் இன்சுலின். இந்த வருடம் அது கூடாது, ரீச்சர். மச்சம் நீக்கி, சிறுசிறு வேளையாக ஆறு தரம் மரக்கறிக் கஞ்சியும் சூப்பும் பருப்பும் குடித்துக்கொண்டு நல்லூருக்குப் போய்வாருங்கள். தேருக்கு வெயிலில் நிற்கப்போகும்போது கைப்பையில் மெசினும், குளுக்கோஸ் கரைத்த போத்தலும் இருக்கட்டும். மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.